கேட்கிற விதம்

ஊர்வல அனுமதிக் கடிதத்தில் 11 நிபந்தனைகள் இருந்தன. ஒலிபெருக்கி எத்தனை, பதாகையின் நீளம் எவ்வளவு, ஒரு வரிசையில் எத்தனை பேர், பிறர் மனம் புண்படும்படி முழக்கமிடக் கூடாது என்று எல்லா ஊர்வலங்களுக்கும் எழுதித் தருகிறவைதான் பெரும்பாலும். ஏழாவது நிபந்தனையில் என் கண் நின்றுவிட்டது. மாலை 6 மணிக்குள் கூட்டம் முழுவதும் கலைந்துவிட வேண்டும் என்றது அது. நாங்கள் விண்ணப்பித்திருந்ததோ, இரவில் பெண்கள் அச்சமின்றி நடமாடுவதற்கான உரிமையைக் கோரும் ஊர்வலத்துக்கு. நேரம் என்ற கட்டத்தில் இரவு 8 முதல் 10 வரை என்று எழுதியிருந்தோம். அதை அடித்துவிட்டு, எங்கள் பாதுகாப்பைக் கருதி வெளிச்சம் இருக்கும்போதே நடந்து முடித்துக்கொள்ளும்படி அறிவுறுத்தியிருந்தார்கள். எழுதிய அதிகாரி கிண்டல் செய்யவில்லை என்பது நேரில் போய்ப் பேசியபோது தெரிந்தது. அவருக்கு அதில் முரண் எதுவும் படவில்லை. "இருட்டுல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்கதானேம்மா பதில் சொல்லணும்" என்றார், உண்மையான அக்கறையோடு.

ஆகவே இரவுக்கான ஊர்வலத்தை நாலு மணி வெயிலில் நடத்தினோம். ஒரு திருப்பத்தில் ஊர்வலம் சற்று நேரம் நிறுத்தி வைக்கப்பட்டபோது, நடைபாதையில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க கேக்கறதெல்லாம் நியாயம்தான், கேக்கற விதம்தான் சரியில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நல்லது சொல்லித் திருத்துகிறவரின் தொனியில் சொன்னார். பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

பெண்களின் உரிமை ஊர்வலங்களைப் பற்றி அதன்பிறகு எதைப் படித்தாலும் அந்த மனிதரின் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாக்குரிமை, கூலி, சொத்து, பாதுகாப்பு எனக் கோரிக்கை எதுவாக இருந்தாலும், அது அநியாயம் என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. நேரம் சரியில்லை, இடம் சரியில்லை, சொற்கள் சரியில்லை, உடை சரியில்லை, உடன் வந்தவர்கள் சரியில்லை என்பவர்களே அதிகம். அப்படியானால் சரியான விதம் என்று ஒன்று எப்போதாவது இருந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்.

1907 பிப்ரவரி 9 அன்று லண்டனில் 3,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஹைட் பார்க் முனையிலிருந்து எக்ஸிடர் ஹால் வரை நடந்தார்கள். பெண்கள் வாக்குரிமைச் சங்கங்களின் தேசிய ஒன்றியம் நடத்திய ஊர்வலம் அது. ஒன்றியத்தின் தலைவர்களில் ஒருவரான மில்லிசென்ட் ஃபாசெட் முன்னால் நடக்க, பிரபு குடும்பத்துப் பெண்களும் ஆசிரியைகளும் மில் தொழிலாளிகளும் ஒன்றாகப் பின்தொடர்ந்தார்கள். அன்று முழுவதும் மழை. பாவாடைகள் தெருச் சேற்றில் இழுபட்டதால் 'சேற்று ஊர்வலம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. மரியாதையான குடும்பத்துப் பெண்ணுக்குத் தெருவில் கூட்டத்தோடு நடப்பதே பெயர்க்கேடு என்றிருந்த காலத்தில், இதைவிட அடக்கமாக ஓர் ஊர்வலம் நடத்தியிருக்க முடியாது. அடுத்த மாதம் நாடாளுமன்றத்துக்கு வந்த வாக்குரிமை மசோதாவை, எதிர்ப்பாளர்கள் வாக்கெடுப்புக்கே விடாமல் பேசிப் பேசி நேரம் கடத்திக் கொன்றார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன், வாதம் மட்டும் போதாது, ஆண்கள் தங்கள் உரிமைக்காகத் திரளாகக் கூடிக் காட்டியதைப் போன்ற பலத்தைப் பெண்களும் காட்ட வேண்டும் என்ற பொருளில் மன்றத்திலேயே பேசினார். சரி என்று 1908 ஜூன் 21 அன்று கூடிக் காட்டினார்கள். சிறப்பு ரயில்களில் ஊர் ஊராக வந்து இறங்கி, ஏழு ஊர்வலங்களாகப் பிரிந்து, ஊதா, வெள்ளை, பச்சை நிறங்கள் அணிந்து ஹைட் பார்க்கில் சேர்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் சேர்த்துப் பல லட்சம் பேர் என்று பத்திரிகைகள் எழுதின. பிரதமர் ஆஸ்க்வித் அசையவில்லை. அமைதியாக வந்தபோது எண்ணிக்கை போதவில்லை என்றார்கள். எண்ணிக்கையோடு வந்தபோது அதற்குப் பதிலே இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. அந்த 1908 ஜூலையிலேயே, பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று சொல்வதற்காகப் பெண்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் முகமாக இருந்த நாவலாசிரியை மேரி வார்ட், ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கான சோமர்வில் கல்லூரி உருவாக உழைத்தவர்களில் ஒருவர். கௌரவச் செயலாளராகப் பணியாற்றிய கெர்ட்ரூட் பெல், சிரியப் பாலைவனத்தில் தன் பயணக் குழுவைத் தானே நடத்திச் சென்ற பயணி. இவர்களை அடிமைப் புத்தி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர்களுடைய வாதத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பள்ளி, ஏழைகள் நலம், உள்ளாட்சி ஆகியவற்றில் பெண்களுக்கு இடம் வேண்டும், பேரரசையும் போரையும் நிர்வகிக்கும் மன்றத்தில் வேண்டாம் என்றார்கள். இதைச் சொல்வதற்கு அவர்கள் மேடையேற வேண்டியிருந்தது, கிளைகள் தொடங்க வேண்டியிருந்தது, வீடு வீடாகப் போய் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் வாங்கி நாடாளுமன்றத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. பெண்ணுக்கு அரசியல் ஆகாது என்பதை நிறுவ, தேர்ந்த அரசியல் அமைப்பொன்றை அவர்கள் கட்டி எழுப்பினார்கள். தங்களைச் சுற்றி நடப்பதை அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

1910 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. சொத்துள்ள சுமார் 10 லட்சம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கக்கூடிய மசோதா ஒன்று கைவிடப்படுகிறது என்று தெரிந்ததும், ஏறத்தாழ 300 பெண்கள் சிறு சிறு குழுக்களாக நாடாளுமன்றத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். முதல் குழுவில், வாக்குரிமை இயக்கத்தின் தீவிரப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய எம்மெலின் பாங்கர்ஸ்ட் இருந்தார். பிரிட்டனில் மருத்துவராகத் தகுதி பெற்ற முதல் பெண் எனப்படும் எலிசபெத் கேரட் ஆண்டர்சன் தன் 74ஆம் வயதில் வந்திருந்தார். பஞ்சாபின் கடைசி மகாராஜாவான துலீப் சிங்கின் மகள் சோபியாவும் அவர்களோடு நடந்தார். ஆறு மணி நேரம் அவர்களைக் கைது செய்யாமல், உள்ளேயும் விடாமல், காவலர்களும் சுற்றி நின்ற ஆண்களும் தள்ளினார்கள், அடித்தார்கள், கையை முறுக்கினார்கள். ஜெஸ்ஸி மரே என்ற மருத்துவரும் ஹென்றி பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற பத்திரிகையாளரும் பிறகு 135 வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். அவற்றில் 29 வாக்குமூலங்கள் பாலியல் அத்துமீறல்களைச் சொல்கின்றன. மார்பைப் பிடித்துத் திருகியதைப் பற்றி அந்தக் காலத்துப் பெண்கள் எழுதிக் கொடுப்பது சாதாரணக் காரியமல்ல. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் விசாரணைக்கு மறுத்துவிட்டார். கைதான 115 பெண்கள், 4 ஆண்கள் ஆகியோரில் பெரும்பாலோர் மீதான வழக்குகள் மறுநாளே கைவிடப்பட்டன. வழக்கு நடந்தால்தானே சாட்சி சொல்ல முடியும்!

இதன் பிறகு அந்த இயக்கத்தில் ஜன்னல் கண்ணாடிகளை உடைப்பது பெருகியது. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அவர்கள் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. ஊர்வலமாகப் போனால் ஆறு மணி நேரம் அடிபட வேண்டும், ஒரு கல்லை எறிந்தால் ஒரு நிமிடத்தில் கைது செய்து கூட்டிப் போய்விடுவார்கள். கேட்கிற விதத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்களே அது எந்தப் பக்கம் மாறும் என்பதையும் முடிவு செய்தார்கள்.

அமெரிக்காவிலும் இடம் பற்றிய பேச்சில்தான் எல்லாம் தொடங்கியது. 1913 மார்ச் 3, உட்ரோ வில்சன் அதிபராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள். வாக்குரிமை ஊர்வலத்துக்குத் தலைநகரின் முக்கியச் சாலையான பென்சில்வேனியா அவென்யூ வேண்டும் என்று அதை ஏற்பாடு செய்த ஆலிஸ் பால் கேட்டார், வேறு தெருவில் போகலாமே என்றது வாஷிங்டன் காவல்துறை. கடைசியில் அனுமதி கிடைத்தது, பாதுகாப்புக் கிடைக்கவில்லை. பதவியேற்புக்காக நகருக்கு வந்திருந்த ஆண்கள் சாலையை அடைத்துக்கொண்டதில் 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஒற்றை வரிசையில் நசுங்கி நடக்க வேண்டியதாயிற்று. சுமார் 100 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கடைசியில் குதிரைப்படையை வரவழைத்துத்தான் வழி உண்டாக்கினார்கள். இதையெல்லாம் சொல்லும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. அந்த ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும், தென் மாநிலத்து வெள்ளைப் பெண்கள் மனம் கோணுவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கறுப்பினப் பத்திரிகையாளரான ஐடா வெல்ஸிடம் சொன்னார்கள். உங்கள் கோரிக்கை நியாயம்தான், இடம்தான் இது இல்லை என்ற அதே வசனத்தை ஊர்வலத்தின் உள்ளேயே ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். வெல்ஸ் வேடிக்கை பார்ப்பவர்களோடு ஓரமாக நின்றிருந்து, தன் மாநிலமான இல்லினாயின் குழு கடந்துபோனபோது இறங்கி அவர்கள் நடுவே நடக்கத் தொடங்கினார்.

தடைக்கு நான் அறிந்தவரையில் மிக அழகான பதில் பிரிட்டோரியாவில் கொடுக்கப்பட்டது. கறுப்பின ஆண்கள் எங்கு போனாலும் அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தைத் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு பெண்களுக்கும் விரித்தபோது, 1956 ஆகஸ்ட் 9 அன்று ஏறத்தாழ 20,000 பெண்கள் அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸுக்கு வந்தார்கள். அன்று நகரில் ஊர்வலம் தடை செய்யப்பட்டிருந்தது. அதனால் அவர்கள் ஊர்வலமாகப் போகவில்லை. இரண்டு பேராக, மூன்று பேராக, ஏதோ வேலையாகப் போகிறவர்களைப் போல நடந்தார்கள். முதுகில் தம் குழந்தையைக் கட்டியவர்கள் இருந்தார்கள், வேலை பார்க்கும் வீட்டு எசமானியின் வெள்ளைக் குழந்தையைத் தூக்கி வந்தவர்களும் இருந்தார்கள். மூன்று பேர் நடப்பது ஊர்வலமா என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மூன்று மூன்றாக 20,000 பேர் மேலே ஏறி வந்து சேர்ந்தபோது தடுக்க நேரம் கடந்திருந்தது. லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹீமா மூசா, சோபியா வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் மனுக்கட்டுகளைப் பிரதமர் ஸ்டிரைடமின் அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் அவர்களைச் சந்திக்கவில்லை. பிறகு அத்தனை பேரும் அரை மணி நேரம் பேசாமல் நின்றார்கள்.

அந்த அரை மணி நேரத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. 20,000 பேர், அவர்களோடு எத்தனையோ கைக்குழந்தைகள். முழக்கம் இல்லை, பேச்சு இல்லை. மனம் புண்படுத்தும் சொல் என்று எடுத்துக்காட்ட எதுவுமே கிடைக்காத நிலை. இதைவிட நல்ல விதம் வேறென்ன இருக்க முடியும்? அப்படியும் சில ஆண்டுகளில் பெண்களுக்கு அடையாளப் புத்தகம் கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சட்டங்கள் ஒழிய 1986 ஆனது.

வெளியாரின் எதிர்ப்பைவிட உள்வீட்டு எதிர்ப்பு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவுக்கு வந்தபோது, தோட்ட நிர்வாகத்தை எதிர்ப்பதற்கு முன்பாகத் தம்முடைய தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களையே களத்திலிருந்து விலக்கி நிறுத்த வேண்டியிருந்தது. 'பொம்பிளை ஒருமை' என்று பெயரிட்டுக்கொண்டார்கள். யார் தூண்டிவிட்டது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகள்தான் முதலில் வந்தன. பெண்கள் தாமாகவே கூடியிருக்கக்கூடும் என்பது யாருக்கும் எளிதில் தோன்றவில்லை. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. ஒன்றரை ஆண்டு கழித்து அன்றைய அமைச்சர் ஒருவர் அந்தப் போராட்ட நாட்களைப் பற்றி மேடையில் அவதூறாகப் பேச, அந்தப் பெண்கள் மீண்டும் தெருவில் உட்கார வேண்டி வந்தது. இந்த முறை கூலிக்காக அல்ல, பெயருக்காக.

இக்கால எதிர்ப்பு ஊர்வலத்தை நிறுத்துவதற்கு அவ்வளவாக மெனக்கெடுவதில்லை. நடக்க விட்டு, அதிலிருந்து ஓர் அட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பாகிஸ்தானில் 2018 முதல் மார்ச் 8 அன்று நடக்கும் 'ஔரத் மார்ச்' என்ற பெண்கள் ஊர்வலத்தில் கூலி, சொத்து, கட்டாய மதமாற்றம், வீட்டுப் பணியாளர்களின் நிலை என நீளமான கோரிக்கைப் பட்டியல் உண்டு. நாடு முழுவதும் கொந்தளித்தது ஒரே ஓர் அட்டையைப் பார்த்து: "சாப்பாட்டை நீயே சூடு பண்ணிக்கொள்." இவ்வளவு சிறிய விஷயத்துக்கா இவ்வளவு கோபம் என்று எனக்கும் வியப்பாக இருந்தது. யோசித்தால் சொத்துச் சட்டம் எங்கோ நீதிமன்றத்தில் இருக்கிறது, சாப்பாடோ இன்றிரவே சூடாக வேண்டும். 2020இல் இஸ்லாமாபாத்தில் எதிர் அணியிலிருந்து கற்களும் செங்கற்களும் பறந்தன. அடுத்த ஆண்டு முழக்கங்களைத் திரித்த ஒரு காணொளி மதநிந்தனை என்று பரப்பப்பட்டது. அந்த நாட்டில் அந்தக் குற்றச்சாட்டு உயிரை எடுக்கக்கூடியது. 2023இல் லாகூர் மாவட்ட நிர்வாகம், சர்ச்சைக்குரிய அட்டைகளைக் காரணம் காட்டியே முதலில் அனுமதி மறுத்தது. இஸ்தான்புல்லில் 2003 முதல் நடந்துவரும் பெண்களின் இரவு ஊர்வலத்தை 2019இல் கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தபோதும், தொழுகை அழைப்பின்போது பெண்கள் சீட்டியடித்தார்கள் என்பதே பேச்சாயிற்று. காவலர்களைப் பார்த்து அடித்த சீட்டி அது என்று பெண்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை.

நானும் இதில் சுத்தமானவள் இல்லை. எங்கள் ஊர்வலத்துக்கு முந்தைய கூட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்த அட்டை வரலாம், எந்த அட்டை வரக்கூடாது என்றுதான் பேசினோம். கல்லூரி மாணவி ஒருத்தி எழுதி வந்த அட்டையில், "அண்ணா, வீட்டில் இருக்க வேண்டியது யார்?" என்று இருந்தது. எல்லோரும் சிரித்தோம். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தோம், அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. விஷயத்தைத் திசைதிருப்ப இடம் கொடுக்கக் கூடாது என்பது என் வாதம். அவள், "அக்கா, இது இல்லாட்டி வேற ஒண்ணை எடுப்பாங்க" என்றாள். மறுநாள் அப்படியே வேறொன்றை எடுத்தார்கள். நாங்கள் எழுதியதிலேயே மிகச் சாதுவான வாக்கியம் அது.

அந்த மாணவிக்கு அப்போது தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது, அவளுடைய அட்டைக்கு ஒரு மூதாதை உண்டு. 1970களில் இங்கிலாந்தின் வட பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது, இருட்டிய பின் பெண்கள் வெளியே வர வேண்டாம் என்று காவல்துறை சொன்னது. 1977 நவம்பர் 12 அன்று இரவு லீட்ஸிலும் வேறு பல நகரங்களிலும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கொலை செய்பவன் ஆண் என்றால் ஊரடங்கை ஆண்களுக்குப் போடுங்கள் என்பது அந்த இயக்கம் எழுப்பிய கேள்வி. 47 ஆண்டுகள் கழித்து, கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பின், 2024 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் மேற்கு வங்கம் எங்கும் பெண்கள் இரவை மீட்போம் என்று கூடினார்கள். அதே இரவில் ஒரு கும்பல் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. மூன்று நாள் கழித்து மாநில அரசு வெளியிட்ட பாதுகாப்பு நெறிமுறைகளில், பெண்களுக்கு இரவுப் பணியை இயன்ற அளவு தவிர்க்கலாம் என்று இருந்தது. இரவைக் கேட்டவர்களுக்குப் பகலைக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் கண்டித்த பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் ஏழாவது நிபந்தனைதான் நினைவுக்கு வந்தது.

கேட்கிற விதம் ஒருபோதும் பயன்படவில்லை என்று சொன்னால் பொய்யாகும். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே நாளில் வேலையை நிறுத்தினார்கள். அதற்கு 'வேலைநிறுத்தம்' என்று பெயர் வைக்கலாமா என்று வாதம் எழுந்தபோது, அந்தச் சொல்லுக்கு அஞ்சிப் பலர் ஒதுங்குவார்கள் என்று கருதி, 'பெண்களின் விடுமுறை நாள்' என்று மாற்றினார்கள். பழமைவாதக் குடும்பத்துப் பெண்களும் வந்தார்கள். சுமார் 2,20,000 பேரே வாழ்ந்த நாட்டில், ரெய்க்யவிக் நகரில் மட்டும் 25,000 பேர் கூடினார்கள். தந்தையர் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிப் போனார்கள். அடுத்த ஆண்டு சமத்துவச் சட்டம் வந்தது, 1980இல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் நாட்டின் தலைவரானார். ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தார்கள், நடைமுறையில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் அவர்களைத் திருத்தவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். அந்தச் சொல்லை மாற்றலாம் என்று முடிவு செய்தவர்கள் அந்தப் பெண்களே.

எங்கள் ஊர்வலம் சொன்னபடி 6 மணிக்கு முன்பே முடிந்தது. பதாகைகளைச் சுருட்டி, கழிகளைக் கட்டி ஒரு வண்டியில் ஏற்றினோம். அந்த மாணவி தன் அட்டையைப் பைக்குள் மடித்து எடுத்து வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கடைசிவரை அவள் அதைப் பிரிக்கவில்லை. 8 மணியிலிருந்து, அதாவது நாங்கள் முதலில் கேட்டிருந்த நேரத்திலிருந்து, குழுவில் ஒவ்வொருவராக வீடு சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வராத பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்து அடித்துக்கொண்டே வந்தேன். இரவு 9.40க்குக் கடைசிப் பெயரை அடித்தேன்.